பாதியில் நிற்கும் நிட்டிங், குரோஷே வேலைகளைச் சமாளிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இரண்டு ஊசியில் பின்னும் நிட்டிங்கும் ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னும் குரோஷேயும் பழகியவர்களின் வீட்டில் ஒரே ஒரு வேலை மட்டும் நடந்துகொண்டிருப்பது அரிது. குழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர், சோபாவுக்கு ஒரு விரிப்பு, சதுரம் சதுரமாக வளர்ந்துவரும் போர்வை, யாரோ ஆசையாகக் கேட்டார்களே என்று தொடங்கிய தொப்பி என்று ஐந்தாறு பைகள் அலமாரிக்குள் இருக்கும். இதைத் தம் பொறுமையின்மைக்கு அடையாளம் என்று எண்ணிக் குறைபட்டுக்கொள்பவர்கள் பலர். அதற்கு அவசியமே இல்லை. பல வேலைகள் ஒரே சமயத்தில் இருப்பதால் தொல்லை வருவதில்லை. ஒரு வேலையைக் கீழே வைக்கும்போது, அது எந்த ஊசியில், எத்தனையாவது வரிசையில், எந்த அளவுக்காக நிற்கிறது என்ற விவரத்தையும் கூடவே வைக்காமல் விடுவதால்தான், ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது சொந்தக் கைவேலையே புரியாத புதிராகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, வேலையை எப்படி நிறுத்துவது, நிறுத்தியதை எப்படித் திரும்ப எடுப்பது என்பதைப் பற்றியே இருக்கும்.

முதல் படி: எல்லாவற்றையும் வெளியே எடுத்தல்

விடுமுறை நாள் ஒன்றில் பாதி முடிந்த எல்லா வேலைகளையும் ஒரே இடத்தில் பரப்பி வையுங்கள். அலமாரி, பரண், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி, ஊருக்குப் போகும்போது எடுத்துச்சென்று பிறகு திறக்காமலேயே விட்ட பை என எதையும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு ஒரு வரிசைகூடப் பின்ன வேண்டாம். ஊசியைக் கையில் எடுத்துவிட்டால் கணக்கெடுப்பு அத்துடன் நின்றுபோகும்.

ஒரு நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதுங்கள்: என்ன பொருள், யாருக்கு, எந்த நூல், எந்த ஊசி அதில் மாட்டியிருக்கிறது, இன்னும் என்ன பாக்கி. இதில் ஊசி பற்றிய விவரம் பார்ப்பதற்குச் சிறியதாகத் தோன்றினாலும் பயன் மிக்கது. இரண்டு வருடமாகத் தொடாத மப்ளரில் உங்களிடம் உள்ள ஒரே 4 மி.மீ. ஊசி மாட்டிக்கொண்டிருப்பதால்தான், அவசரமாக முடிக்க வேண்டிய குழந்தைச் சட்டை தொடங்கப்படாமலேயே இருக்கிறது என்பது இப்போதுதான் பலருக்குத் தெரியவரும்.

இரண்டாம் படி: ஏன் நின்றது என்று கண்டறிதல்

நின்றுபோனதற்கான காரணம் தெரியாமல் "இதை முடித்தே தீருவேன்" என்று உறுதி எடுப்பதில் பயனில்லை. அதே இடத்தில் மீண்டும் நிற்கும். பொதுவாகக் காரணங்கள் சிலவே. நீண்ட, மாற்றமில்லாத வரிசைகள் சலிப்பூட்டியிருக்கலாம். பேட்டர்னில் (பின்னும் முறையைச் சொல்லும் குறிப்பில்) ஒரு கட்டம் புரியாமல் போயிருக்கலாம். கீழே ஒரு தவறு இருப்பதைப் பார்த்துவிட்டுப் பிரிக்க மனம் வராமல் வைத்திருக்கலாம். நூல் போதாமல் போயிருக்கலாம். உல்லன் நூலைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு: டிசம்பரில் தொடங்கிய கனத்த சால்வையை ஏப்ரல் வெயிலில் மடியில் போட்டுக்கொண்டு பின்னச் சென்னையிலோ மதுரையிலோ யாருக்கும் மனம் வராது. அது நின்றுபோன வேலை அன்று, பருவத்துக்குக் காத்திருக்கும் வேலை. அதைத் தனியாக வைத்துவிடலாம்.

புரியாத கட்டத்தில் நின்ற வேலைக்கு எளிய தீர்வு உண்டு. மீதியிருக்கும் வேறொரு நூலில் 20 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) ஏற்றி, அந்தக் கட்டத்தை மட்டும் தனியாகப் பின்னிப் பாருங்கள். காலுறையின் குதிகால் திருப்பமோ, கழுத்துக் குறைப்போ, முறுக்கிய கயிறுபோல் தெரியும் கேபிள் பின்னலோ, நிஜ வேலையில் தவறினால் பாழாகிவிடும் என்ற பயம் இல்லாதபோது பெரும்பாலும் அரைமணியில் பிடிபட்டுவிடும்.

குரோஷேயில் புரியாமைக்கு மற்றொரு காரணமும் அடிக்கடி இருக்கிறது: ஒரே கண்ணிக்கு இரு முறைகளில் வேறு வேறு பெயர். அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே எனப்படுவது பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே. அமெரிக்க டபுள் குரோஷே பிரிட்டிஷ் முறையில் டிரெபிள். பழைய ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எடுத்த டிசைனையும் இணையத்தில் பார்த்த வீடியோவையும் கலந்து பின்னினால் விரிப்பின் உயரமே மாறிப்போகும். பேட்டர்னில் "சிங்கிள் குரோஷே" என்ற பெயர் ஓரிடத்திலாவது வந்தால் அது அமெரிக்க முறை என்று கொள்ளலாம், ஏனெனில் பிரிட்டிஷ் முறையில் வழக்கமாக அந்தப் பெயர் வருவதில்லை.

மூன்றாம் படி: ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு

முடிப்பது, பிரிப்பது, வேறு பொருளாக மாற்றுவது, வேறொருவரிடம் கொடுப்பது என்று நான்கு வழிகளே உள்ளன. "பிறகு பார்க்கலாம்" என்ற ஐந்தாவது வழியைத் திறந்துவைத்தால் எல்லா வேலையும் அதில்தான் போய்ச் சேரும்.

குழந்தைத் துணிகளில் இரக்கம் காட்டாமல் முடிவெடுங்கள். பிறக்கும்போது ஏறத்தாழ 50 செ.மீ. நீளம் இருக்கும் குழந்தை ஒரு வயதில் ஏறத்தாழ 75 செ.மீ. ஆகிவிடுகிறது. மூன்று மாதக் குழந்தைக்கென்று தொடங்கி ஒரு கை மட்டும் பாக்கியிருக்கும் ஸ்வெட்டர் இனி அந்தக் குழந்தைக்கு ஆகாது. ஆனால் அதை முடித்து வைத்தால் உறவிலோ தெருவிலோ அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு ஆகும். பாதிகூட ஆகாமல் முன்பக்கம் மட்டுமே முடிந்திருந்தால், பிரித்து நூலை மீட்பது நல்லது.

பிரிப்பதை நஷ்டமாகப் பார்க்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. நூல் வீணாவதில்லை, கை பழகியதும் வீணாவதில்லை. நிட்டிங்கில் கண்ணிகளை மூடிய மேல்முனையிலிருந்து பிரித்தால் நூல் சரசரவென்று வரும். தொடங்கிய அடிமுனையிலிருந்து பிரிக்க முயன்றால் ஒவ்வொரு கண்ணியும் சிக்கும். பிரித்த நூல் சுருள்சுருளாக இருக்கும். அதை நாற்காலியின் முதுகில் சுற்றி லச்சியாக்கி (நீண்ட நூல் வளையமாக்கி), நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, மென்மையான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவைத்து, முறுக்காமல் நீரைப் பிழிந்து நிழலில் தொங்கவிட்டால் சுருள் தளர்ந்துவிடும். அக்ரிலிக் நூலாக இருந்தால் சுருளை நீக்க நீராவியோ இஸ்திரிப் பெட்டியோ காட்டாதீர்கள். அதிக வெப்பம் பட்டால் அந்த இழை தொய்ந்துபோகும், பிறகு மீளாது.

மாற்றுவது பலருக்குத் தோன்றாத வழி. அகலம் சரியாக வந்து நீளத்தில் நின்றுபோன மப்ளரின் இரு முனைகளையும் இணைத்தால் கழுத்து வளையம் ஆகிவிடும். எட்டுச் சதுரத்தோடு நின்ற போர்வையிலிருந்து இரண்டு குஷன் உறைகளின் முன்பக்கம் கிடைக்கும். பெரிய மேஜை விரிப்பின் நடு வட்டம் மட்டும் முடிந்திருந்தால், ஓரத்தில் ஒரு சுற்று பின்னி முடித்துப் பூஜைத் தட்டுக்கு மூடியாக வைத்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: குறிப்புச்சீட்டு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். தொடரப்போகும் ஒவ்வொரு வேலையின் பையிலும் ஒரு கெட்டி அட்டையில் எழுதிய சீட்டு இருக்க வேண்டும். அறிமுகமில்லாத ஒருவர் அதைப் படித்துவிட்டு அடுத்த கண்ணியைப் போட முடியுமா என்பதே அது சரியாக எழுதப்பட்டதா என்பதற்கான சோதனை. ஆறு மாதத்துக்குப் பின் அந்த அறிமுகமில்லாதவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள். மாதிரிக்கு ஒன்று:

"பெண்கள் கார்டிகன், மார்பளவு 96 செ.மீ. பழுப்பு அக்ரிலிக் நூல், 100 கிராம் கண்டு 4 வாங்கியது, ஒன்றரை மீதி. ஊசி 4 மி.மீ., பார்டருக்கு 3.25 மி.மீ. 10 செ.மீ.க்கு 22 கண்ணி. பின்பக்கம் முடிந்தது: பார்டருக்கு மேல் அக்குள் வரை 84 வரிசை. இடது முன்பக்கம் 60ஆவது வரிசையில் நிற்கிறது. அடுத்தது நேர்ப்பக்க வரிசை. பட்டன் பட்டி 6 கண்ணி, எப்போதும் நிட் (நேர்ப் பின்னல்). பேட்டர்னில் சொன்னதைவிடக் கைநீளத்தை 4 செ.மீ. கூட்ட வேண்டும்."

இதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஊசியின் அளவை மில்லிமீட்டரில் எழுதியிருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் பல ஊசிகளில் பழைய பிரிட்டிஷ் எண் பொறித்திருக்கும். அதில் 8ஆம் எண் என்பது 4 மி.மீ., 10ஆம் எண் 3.25 மி.மீ., அதாவது எண் ஏற ஏற ஊசி மெலியும். அமெரிக்க முறையில் 8ஆம் எண் 5 மி.மீ., 10ஆம் எண் 6 மி.மீ. சீட்டில் "8ஆம் நம்பர்" என்று மட்டும் இருந்தால் பிறகு எதை நம்புவது? எண் அழிந்துபோன ஊசிக்கு, துளைகளில் நுழைத்து அளவு பார்க்கும் சிறிய அளவுகோல் நிட்டிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

அடுத்து, பேட்டர்னிலிருந்து நீங்களாகச் செய்த மாற்றம். பேட்டர்ன் தாளைத் திரும்பப் பெறலாம், மனத்தில் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெற முடியாது. ஒரு கையை 4 செ.மீ. கூட்டிப் பின்னியதை எழுதி வைக்காவிட்டால் மறுகை குட்டையாகத்தான் வரும். கடைசியாக, "அடுத்தது" என்ற சொல். நின்ற இடத்தை எழுதுவதைவிட அடுத்துச் செய்ய வேண்டியதை எழுதுவதே வேலையைக் கையில் எடுக்கத் தூண்டும்.

நூல்கண்டின் லேபிளையும் சீட்டோடு பின் செய்து வையுங்கள். அதில் நூலின் பெயர், நிற எண் ஆகியவற்றோடு சாயமிட்ட தொகுதியின் எண்ணும் இருக்கும். அதே நிற எண்ணில் வேறு தொகுதிக் கண்டு வாங்கினால் பகல் வெளிச்சத்தில் வேறுபாடு பட்டையாகத் தெரியலாம். அப்படி வாங்க நேர்ந்தால், பழைய கண்டிலிருந்து இரண்டு வரிசை, புதியதிலிருந்து இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிச் சில அங்குலம் பின்னி மெல்ல நுழைத்தால் கண்ணுக்கு உறுத்தாது.

ஐந்தாம் படி: கண்ணிகளைப் பத்திரப்படுத்துதல்

நிட்டிங்கில் வரிசையின் நடுவே நிறுத்தாதீர்கள். வரிசை முடிவில் நிறுத்தினால் இழுவிசை மாறாது, கண்ணிகளும் நழுவாது. தவிர்க்க முடியாமல் நடுவில் நிறுத்தியிருந்தால், திரும்ப எடுக்கும்போது கண்டோடு சேர்ந்த நூல் தொங்கும் ஊசி வலக்கையில் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இது நேரெதிர். இதை மாற்றிப் பிடித்துத் திசை மாறிப் பின்னிவிட்டால் அந்த இடத்தில் ஒரு பக்கம் இரண்டு வரிசை உயர்ந்து நிற்கும்.

ஒரு மாதத்துக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் ஊசியை விடுவித்துவிடுங்கள். வேறு நிறத்தில் வழவழப்பான பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் நுழைத்து, பிறகு பின்னல் ஊசியை உருவி, நூலின் இரு முனைகளையும் தளர்வாக முடிச்சிட்டால் போதும். கண்ணிகளைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்டிட்ச் ஹோல்டர் வாங்கினாலும் சரி, ஆனால் 120 கண்ணிக்கு அது போதாது, நூல் போதும். ஊசியிலேயே பல மாதம் இருக்கும் வரிசை நீண்டு, பின்னலில் குறுக்குக் கோடாகத் தெரிவதும் இதனால் தவிரும். கம்பளி நூலில் அந்தக் கோடு பெரும்பாலும் துவைத்தால் மறையும். அக்ரிலிக்கில் அப்படிச் சொல்ல முடியாது.

குரோஷேயில் திறந்திருப்பது ஒரே ஒரு கண்ணி. அதைச் சற்றுப் பெரிதாக இழுத்து அதில் ஒரு பிளாஸ்டிக் மார்க்கரை (கண்ணியில் மாட்டும் சிறு கொக்கியை) பூட்டினால் வேலை முடிந்தது. சேஃப்டி பின் போடுவதானால் துருப்பிடிக்காததாகப் பாருங்கள். மழைக்கால ஈரத்தில் இரும்புப் பின்னும், பூச்சு போன குரோஷே ஊசியும் துருவேறி வெள்ளை நூலில் விடும் கறை எளிதில் போகாது.

லேஸ் டிசைன்களுக்கு இன்னொரு பாதுகாப்பு உண்டு. சரியாக இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து உறுதிசெய்த ஒரு வரிசையின் கண்ணிகளுக்குள் மெல்லிய நூலைக் கோத்து அப்படியே விட்டுவிட்டு மேலே பின்னிக்கொண்டே போகலாம். பின்னர் தவறு நேர்ந்து பிரித்தாலும் அந்த நூலோடு பிரிதல் நின்றுவிடும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யப் பயன்படும் டென்டல் ஃப்ளாஸ் இதற்கு மிகப் பொருத்தம்; வழுக்கும், அறுகாது, நிறமும் ஒட்டாது.

ஆறாம் படி: வைக்கும் இடம்

ஒரு வேலைக்கு ஒரு பை, அந்தப் பைக்குள் நூல், சீட்டு, பேட்டர்ன் எல்லாம். துணிப்பை நல்லது. உள்ளே ஈரம் இருந்தால் இறுக மூடிய பிளாஸ்டிக் உறையில் பருத்தி நூல் பூஞ்சை பிடிக்கும்.

அந்துப்பூச்சியின் புழுக்கள் கம்பளி, பட்டு போன்ற விலங்கு இழைகளையே தின்கின்றன. தூய பருத்தியும் அக்ரிலிக்கும் அவற்றுக்கு உணவல்ல. எனவே கம்பளி வேலைகளுக்கு மட்டும் கூடுதல் கவனம் போதும்: மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறி, சற்று வெயில் காட்டி வைப்பது. வேப்பிலையும் வசம்பும் வைப்பது நம் வழக்கம், வைக்கலாம். ஆனால் ஏற்கெனவே முட்டையிட்டிருந்தால் அவற்றை நம்பியிருக்க முடியாது. சந்தேகம் வந்தால் வேலையை உறையில் இறுக மூடி, -18 டிகிரி செல்சியஸ் குளிர் தரும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள்.

அந்துருண்டையைக் குழந்தைத் துணிகளோடு மட்டும் வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு, அதிலுள்ள நாஃப்தலீனின் ஆவி இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து ஆபத்தை உண்டாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பெற்றோருக்கே பல நேரம் தெரிந்திருக்காது.

ஏழாம் படி: எத்தனை வேலைகளைக் கையில் வைத்திருப்பது

எண்ணிக்கையை வைத்து வரம்பு கட்டுவது சரிப்படாது. வேலையின் தன்மையை வைத்துக் கட்டுங்கள். பேசிக்கொண்டே, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பின்னக்கூடிய வேலை ஒன்று. தனியாக உட்கார்ந்து எண்ணிப் பின்ன வேண்டிய வேலை ஒன்று. பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் எடுத்துச் செய்யக் கைக்கு அடக்கமான வேலை ஒன்று. இந்த மூன்றும் ஒன்றோடொன்று போட்டியிடுவதில்லை. ஒரே தன்மையுள்ள இரண்டு வேலைகள் இருந்தால்தான் ஒன்று மற்றொன்றை நிறுத்திவைக்கும். இரண்டு லேஸ் சால்வைகளை ஒரே மாதத்தில் பின்ன முயல்பவர் இரண்டையும் எண்ண முடியாமல் தடுமாறுவார். புதிய நூலைப் பார்த்ததும் தொடங்கத் தோன்றினால், அது இந்த மூன்றில் எந்த இடத்துக்கு வருகிறது என்று பார்த்து, அந்த இடம் காலியாகும்வரை நூலைக் கண்டாகவே வைத்திருங்கள்.

கையடக்க வேலைக்குக் குரோஷே சதுரங்களைவிடச் சிறந்தது இல்லை. ஒரு சதுரம் முடிந்தால் திறந்த கண்ணியே கிடையாது. எத்தனை மாதம் விட்டாலும் அது கெடாது. 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷே போர்வையை உருவாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். அவ்வளவு பெரிய போர்வை துண்டு துண்டாகப் பலர் கையில் வளர்ந்து சேர்ந்ததால்தான் சாத்தியமானது. வீட்டில் செய்யும் போர்வைக்கு ஒரு எச்சரிக்கை: எல்லாச் சதுரமும் முடிந்த பின் இணைக்கலாம் என்று விட்டால், இணைக்கும் வேலையே அடுத்த பாதி வேலையாகி அலமாரிக்குள் போய்விடும். ஒரு வரிசைக்கான சதுரம் சேர்ந்ததும் அதை இணைத்துவிடுங்கள், நூல் முனைகளையும் அப்போதே மறைத்துவிடுங்கள்.

எட்டாம் படி: மீண்டும் எடுக்கும் நாள்

நீண்ட இடைவெளிக்குப் பின் எடுத்ததும் உடனே பின்னத் தொடங்க வேண்டாம். முதலில் கண்ணிகளை எண்ணுங்கள். சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். சீட்டே இல்லாத பழைய வேலையாக இருந்தால் பின்னலே தகவல் தரும். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் (மறுபக்கப் பின்னல்) என்று பின்னியதன் நேர்ப்பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் ஒவ்வொரு "வி" வடிவமும் ஒரு வரிசை. எல்லா வரிசையும் நிட் ஆக இருந்தால் ஒவ்வொரு மேடும் இரண்டு வரிசை. கேபிள் பின்னலில் கடைசி முறுக்குக்கு மேலே உள்ள வரிசைகளை எண்ணி, கீழே உள்ள இரண்டு முறுக்குகளுக்கு இடைப்பட்ட எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் அடுத்த முறுக்கு எப்போது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது கையின் இறுக்கம். ஆறு மாதத்தில் அது மாறியிருக்கக்கூடும். 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்த கையில் இப்போது 24 வந்தால், 110 கண்ணியுள்ள பக்கம் 50 செ.மீ. அகலத்துக்குப் பதிலாக 46 செ.மீ.க்கும் குறைவாகச் சுருங்கும். முன், பின் இரண்டும் சேர்ந்தால் ஸ்வெட்டரில் ஏறத்தாழ 8 செ.மீ. போய்விடும். ஆகவே நாலைந்து வரிசை பின்னி, பழைய பகுதியோடு அளந்து ஒப்பிடுங்கள். இறுகியிருந்தால் ஒரு அளவு பருமனான ஊசிக்கு மாறுங்கள், தளர்ந்திருந்தால் மெல்லிய ஊசிக்கு. ஒப்பிடுவதற்கு முன், நிறுத்திவைத்திருந்த கடைசி வரிசையை ஒரு கண்ணி ஒரு கண்ணியாகப் பின்னோக்கிப் பிரித்துவிட்டுத் தொடங்குவது என் சிபாரிசு; அழுக்குப் படிந்ததும் நீண்டதும் அந்த வரிசைதான்.

நூல் போதுமா என்ற சந்தேகத்துக்குச் சமையலறை டிஜிட்டல் தராசு விடை சொல்லும். கண்டை எடைபோட்டு, பத்து வரிசை பின்னி, மறுபடி எடைபோடுங்கள். 12 கிராம் குறைந்திருந்தால் வரிசைக்கு 1.2 கிராம், மீதி 50 கிராமுக்கு 41 வரிசை வரும். கண்ணிகளை மூடவும், பக்கங்களைத் தைக்கவும் தனியாக நூல் ஒதுக்கிவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். மூடுவதற்கு மட்டும் பின்னலின் அகலத்தைப்போல் நான்கு மடங்கு நீளம் வைத்துக்கொண்டால் கை கடிக்காது.

ஒன்பதாம் படி: இறுதிக்கட்டம்

பின்னி முடித்தும் தைக்காமல் கிடப்பவையே அலமாரியில் அதிகம். ஒரு கை, ஒரு காலுறை, ஒரு பக்கம் முடிந்ததும் ஆர்வம் வற்றிவிடுவது இயல்பு. அதனால் ஜோடியாக வேண்டியவற்றை நீளமான வட்ட ஊசி (இரு ஊசிகளைக் கயிறு இணைக்கும் வகை) ஒன்றில், இரண்டு கண்டு நூலோடு, ஒரே சமயத்தில் பின்னுங்கள். இரண்டும் ஒரே நாளில் முடியும், அளவும் ஒத்துவரும். தைப்பதற்கு முன் எல்லாப் பகுதிகளையும் ஈரமாக்கி, அளவுக்கு விரித்துப் பின் குத்தி உலரவைத்தால் ஓரங்கள் சுருளாது, தையலும் பாதி நேரத்தில் முடியும். இந்தப் பகுதியை இரவு வெளிச்சத்தில் செய்யாதீர்கள். கருநீலத்திலும் கருப்பிலும் பகலில்தான் கண்ணி தெரியும்.

முடிந்த பொருளின் சீட்டை எறிந்துவிட வேண்டாம். அதில் கடைசியாக எத்தனை கிராம் நூல் செலவானது என்று எழுதி, லேபிளையும், ஒரு சிறு உருண்டை மீதி நூலையும், கூடுதல் பட்டன் ஒன்றையும் சேர்த்து ஒரு உறையில் போட்டு வையுங்கள். முழங்கையில் கிழிந்தால் தைக்க அதே நிற நூல் இருக்கும். அதே ஸ்வெட்டரை அடுத்த வருடம் பெரிய அளவில் யாராவது கேட்டால் எத்தனை கண்டு வாங்குவது என்பதும் தெரிந்திருக்கும். விடுபட்ட ஊசியைத் துடைத்து ஊசிப்பையில் அதன் அளவுக்குரிய இடத்தில் வைத்துவிட்டு, நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.